ஒசாக்காவின் பேரங்காடிகளில் எதை வாங்கலாம், எங்கே சாப்பிடலாம்?

ஒசாக்காவுக்குக் குடும்பத்துடன் செல்லவிருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: அங்குள்ள பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் நேரம் ஒதுக்கிப் பார்க்கத் தகுந்தவைதானா? விலை உயர்ந்த கைப்பைகளையும் வாசனைத் திரவியங்களையும் தவிர அங்கே நமக்கென்று ஏதாவது உண்டா? வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் அங்கே எப்படிச் சமாளிப்பது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலிவாக வாங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இந்தப் பேரங்காடிகளுக்குள் போகக் கூடாது. அதற்கு வேறு கடைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒசாக்கா மக்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், எதைப் பரிசாகக் கொடுக்கிறார்கள் என்பதை ஒரே கட்டடத்துக்குள் பார்க்க இவற்றைவிடப் பொருத்தமான இடம் அந்த நகரத்தில் இல்லை. அதைப் பார்க்க வேண்டிய இடங்கள் கட்டடத்தின் இரு முனைகளில் உள்ளன: தரைக்குக் கீழே உள்ள உணவுக்கடைத் தளம், உச்சியில் உள்ள உணவகத் தளம். நடுவில் உள்ள தளங்களில் பெரும்பாலானவற்றை நகரும் படிக்கட்டில் நின்றபடியே பார்த்துக் கடந்துவிடலாம். விதிவிலக்கான சிலவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கெங்கே இருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்வது எளிது, ஏனென்றால் முக்கியமான அனைத்தும் மிதோசுஜி என்ற ஒரே மெட்ரோ தடத்தில் வருகின்றன. வடக்கே உமேதாவில் ஹான்க்யூ, ஹான்ஷின், தைமாரு ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ளன. நடுவே ஷின்சாய்பாஷியில் இன்னொரு தைமாரு. அடுத்த நிறுத்தமான நம்பாவில் தகாஷிமாயா. தெற்கே தென்னோஜியில், 300 மீட்டர் உயரமுள்ள அபேனோ ஹாருகாஸ் கட்டடத்துக்குள் கின்டெட்சு. உமேதாவிலிருந்து தென்னோஜிக்கு மெட்ரோவில் ஏறக்குறைய கால் மணி நேரம். மேலும், ஜப்பானில் முதல் தளம் என்று எழுதியிருந்தால் அது நாம் தரைத்தளம் என்று சொல்வது. இதை மறந்தால் மின்தூக்கியில் குழப்பம் வரும்.

இவற்றின் பெயர்களில் பல, ரயில் நிறுவனங்களின் பெயர்கள் என்பதைக் கவனிக்கலாம். ஹான்க்யூ, ஹான்ஷின், கின்டெட்சு ஆகியவை ஒசாக்காவைச் சுற்றி ஓடும் தனியார் ரயில் தடங்கள். தகாஷிமாயா 1831இல் கியோட்டோவில் துணிக்கடையாகத் தொடங்கியது என்றாலும், ஒசாக்காவில் அது இயங்குவது நான்காய் ரயில் நிறுவனத்தின் முனையக் கட்டடத்தில்தான். இந்த ஏற்பாட்டுக்கு வழிகாட்டியவர் ஹான்க்யூவின் கொபயாஷி இச்சிஸோ. நகரத்துக்கு வெளியே தண்டவாளம் போட்டு, அதன் இருபுறமும் வீட்டுமனைகளை விற்று, மறுகோடியில் தகராசுகா என்ற ஊரில் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழுவை நிறுவிப் பயணிகளை வரவழைத்த மனிதர் அவர். ஊரிலிருந்து நகரத்துக்கு வருகிறவர்கள் இறங்கும் இடத்திலேயே கடை இருந்தால் அவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டு, 1929இல் உமேதா முனையத்தில் பேரங்காடியைத் திறந்தார். ரயில் நிறுவனம் தன் முனையத்தில் தானே நடத்தும் பேரங்காடி என்ற வகைக்கு அதுவே முன்மாதிரி.

அந்தக் கடையில் கூட்டத்தை இழுத்தது துணிமணி அல்ல, மேல்தளத்து உணவுக்கூடமும் அதில் கிடைத்த, குழம்பு ஊற்றிய கறிச்சோறும்தான். திறந்த சில மாதங்களில் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. குழம்போடு வாங்கக் காசில்லாத இளம் தொழிலாளர்கள் வெறும் சோற்றை மட்டும் 5 சென்னுக்கு (சென் என்பது யென்னில் நூறில் ஒரு பங்கு) வாங்கி, மேசையில் இலவசமாக வைத்திருந்த வூஸ்டர் சாஸை ஊற்றிப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்கள். அவர்களை விரட்டப் பார்த்த ஊழியர்களைக் கொபயாஷி தடுத்தார். சோறு மட்டும் கேட்டு வருகிறவர்களையும் வரவேற்கிறோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். இன்று கையில் காசில்லாதவன் நாளை குடும்பத்தோடு வருவான் என்பது அவருடைய கணக்கு. ஒசாக்காவின் வணிகப் புத்தி எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உணவுக்கூடத்தை உச்சியில் வைத்ததிலும் காரணம் உண்டு. சாப்பிட மேலே போகிறவர்கள் இறங்கும்போது ஒவ்வொரு தளமாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். உணவுக்கடைகளை அடித்தளத்தில் வைத்ததன் காரணம் இதன் மறுபக்கம்: சுரங்க நடைபாதையிலிருந்தும் ரயிலிலிருந்தும் நேரே உள்ளே வருகிறவர்களை மேல்நோக்கி இழுப்பது. ஏறக்குறைய ஜப்பான் முழுவதும் பேரங்காடிகள் இந்த அமைப்பிலேயே இருக்கின்றன. ஆகவே ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவற்றில் வழி தேட வேண்டியதில்லை.

இப்போது அடித்தளத்துக்கு வருவோம். இதை ஜப்பானியர் டெபாச்சிக்கா என்கிறார்கள். உமேதாவில் ஹான்க்யூவும் ஹான்ஷினும் இப்போது ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை; எதிரெதிரே இருக்கின்றன; ஆனால் இரண்டின் அடித்தளங்களும் இரண்டு வெவ்வேறு ஊர்கள். ஹான்க்யூவில் இருப்பது பரிசுப் பண்பாடு. நூற்றாண்டு கண்ட இனிப்புக் கடைகளின் கிளைகள், பிரெஞ்சுப் பாணிக் கேக்குகள், பெட்டிக்குள் ஒவ்வொன்றாகத் தாள் சுற்றி அடுக்கிய பிஸ்கட்டுகள். வேறெங்கும் எளிதில் கிடைக்காத சரக்கும் இங்கே உண்டு: போக்கி குச்சி பிஸ்கட்டைத் தயாரிக்கும் ஒசாக்கா நிறுவனமான கிளிக்கோ, வெண்ணெய் மணக்கும் உயர்தரக் குச்சி பிஸ்கட்டை பாட்டோன் டோர் என்ற பெயரில் மிகச் சில பேரங்காடிகளில் மட்டும் விற்கிறது, ஹான்க்யூவும் நம்பாவின் தகாஷிமாயாவும் அவற்றில் அடங்கும். நண்பர்களுக்கு வாங்கிவர ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்; முட்டை, பால் பற்றிய கவலை உள்ளவர்கள் மட்டும் பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஹான்ஷின் அடித்தளம் அப்படியல்ல. அங்கே ஸ்நாக் பார்க் என்ற பகுதியில் மேசைகளைச் சுற்றி நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். 1957 முதல் அங்கே விற்கப்படும் இக்காயாக்கி என்பது, கணவாய்த் துண்டுகள் கலந்த மாவைச் சூடான இரண்டு இரும்புத் தகடுகளுக்கிடையே அழுத்தி, நொடிகளில் வெந்ததும் சாஸ் தடவி மடித்துக் கொடுப்பது. முட்டை சேர்த்தும் கேட்கலாம். கோட்டு அணிந்த அலுவலகக்காரரும் பள்ளி மாணவியும் ஒரே மேசையில் நின்று வாயைச் சுட்டுக்கொண்டு தின்பதைப் பார்க்கலாம். கட்டடம் இடித்துக் கட்டப்பட்டு 2022இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகும் இந்த நின்று தின்னும் வழக்கத்தை அவர்கள் கைவிடவில்லை. கைவிட்டிருந்தால் ஊரே சண்டைக்குப் போயிருக்கும். ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் கடை அது என்பதையும் சொல்ல வேண்டும்: 2023இல் அந்த அணி 38 ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பான் வாகையர் பட்டம் வென்றபோது, வெற்றி விற்பனைக்காகக் கூட்டம் வாசலில் காத்துக் கிடந்தது.

அடித்தளத்தில் வாங்கும்போது விற்பனைப் பெண் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால் அந்தத் தொழிலின் நுணுக்கம் விளங்கும். கெட்டுப்போகும் பண்டமாக இருந்தால், வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார். நீங்கள் சொல்லும் நேரத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் குளிரூட்டும் பொதிகளை உள்ளே வைப்பார். பரிசாகக் கொடுக்க வாங்கினால், கொடுக்கும்போது புதிதாக இருக்கட்டும் என்று மடிப்புக் கலையாத இன்னொரு காகிதப் பையைத் தனியே சேர்த்துத் தருவார். சில கடைகளில் அதற்குச் சிறு தொகை உண்டு. வெளியே மழை பெய்யத் தொடங்கினால் கடைக்குள் ஒலிக்கும் இசை மாறும். அது ஊழியர்களுக்கான குறிப்பு. அந்த நேரம் முதல் காகிதப் பைகளுக்கு மேல் ஒளிபுகும் மழையுறை ஒன்றை மாட்டிக் கொடுப்பார்கள். சன்னலே இல்லாத அடித்தளத்தில் நிற்கும் உங்களுக்கும் வெளியே மழை என்பது அப்போதுதான் தெரியும்.

விலை குறையும் நேரம் ஒன்றும் இருக்கிறது. கடைகள் பெரும்பாலும் இரவு 8 மணிக்கு மூடுகின்றன. மூடுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே மதிய உணவுப் பெட்டி, சூஷி, சாலட், பொரித்தவை போன்ற அன்றன்றைய சரக்குகளின் மேல் தள்ளுபடிச் சீட்டு ஒட்டத் தொடங்குவார்கள். பெயர்பெற்ற இனிப்புக் கடைகள் இதில் சேர்வதில்லை. ஸ்நாக் பார்க் போன்ற இடங்களைத் தவிர, வாங்கியதை நின்ற இடத்திலேயே பிரித்துச் சாப்பிடும் வழக்கம் இல்லை. நடைபாதையில் உட்காரவும் முடியாது. தங்குமிடத்துக்கு எடுத்துப் போவதே எளிது. நம்பாவில் வாங்கினால் பக்கத்தில் நம்பா பார்க்ஸ் என்ற வணிக வளாகத்தின் படிப்படியான கூரைத் தோட்டத்திலும், தென்னோஜியில் என்றால் ஹாருகாஸின் 16ஆம் தளத்தில் கட்டணமின்றி நுழையக்கூடிய தோட்டத்திலும் சற்று இளைப்பாறலாம். எடுத்துச் செல்லும் உணவுக்கு நுகர்வு வரி 8 விழுக்காடு, உட்கார்ந்து சாப்பிட்டால் 10 விழுக்காடு என்பது 2019 அக்டோபர் முதல் நடைமுறை. ஒரே பண்டத்துக்கு இரண்டு விலை எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

சைவ உணவுக்காரர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கேதான். கண்ணுக்கு இறைச்சி தெரியாத பண்டம் ஜப்பானில் சைவம் ஆகிவிடாது. தாஷி என்னும் அடிப்படைச் சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற உலர்ந்த மீனிலிருந்து எடுக்கப்படுகிறது. சோயா விழுதில் செய்யும் மிசோ சூப், கோதுமை நூடுல்ஸான உதோனின் சாறு, வேகவைத்த காய்கறி, மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, இனாரி சூஷியின் தோஃபு உறை என எல்லாவற்றிலும் அது இருக்கும். கறிச்சோற்றின் குழம்பில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது சாதாரணம். ஒசாக்காவின் அடை போன்ற ஒகொனோமியாக்கியில் பன்றித் துண்டை எடுத்துவிடச் சொன்னாலும் மாவில் தாஷி இருக்கும், மேலே மீன் சீவல் தூவுவார்கள். பொட்டலத்தில் உள்ள ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது: கட்டாயமாகக் குறிக்க வேண்டியவற்றில் முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு போன்றவை உள்ளன, கட்சுவோ மீன் அதில் இல்லை. ஆகவே அந்தப் பட்டியலை மட்டும் பாராமல், மூலப்பொருள் வரிகளைத் தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் படிப்பது நல்லது.

நம்பி வாங்கத்தக்கவையும் நிறைய உண்டு. அவற்றில் முதலிடம் ஜப்பானிய இனிப்புகளுக்குத்தான். யோகான் என்பது சிவப்புக் காராமணி போன்ற அசுகிப் பயற்றை அரைத்துச் சர்க்கரையோடு காய்ச்சிக் கடற்பாசியில் எடுத்த அகார் சேர்த்து உறையவைத்த துண்டு. இதில் ஜெலட்டினுக்கு வேலையில்லை, முட்டையும் இல்லை, பல மாதங்கள் கெடாமல் இருக்கும். ஊருக்கு எடுத்துவரவும் ஏற்றது. பயற்றுப் பூரணம் வைத்த தைஃபுகு, மாவுத் தூள் புரட்டிய வராபிமோச்சி ஆகியவையும் பெரும்பாலும் இதே வகை. இதற்கு மாறாக மேலைப்பாணி மூஸ், ஜெல்லி ஆகியவற்றில் ஜெலட்டின் இருக்கும் வாய்ப்பு அதிகம். சாப்பாட்டு வகையில் வெள்ளரிக்காயை உள்ளே வைத்துச் சுருட்டிய கப்பாமாகி சூஷி, உப்பிட்டு அவித்த எதமாமே என்னும் பச்சை சோயாக்காய், சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சாதாரணத் தோஃபு, பழங்கள் ஆகியவை கைகொடுக்கும். உமெபோஷி என்னும் உப்பில் ஊறிய புளிப்பான பழம் வைத்த சோற்று உருண்டை நல்ல தேர்வுதான் என்றாலும், அந்த உமெபோஷியிலேயே மீன் சீவல் சேர்த்த ஒரு வகை உண்டு, கேட்டு வாங்க வேண்டும். தயிர்ச்சாதத்துக்கு ஏங்குகிறவர்களுக்கும் வழி உண்டு: உணவுத் தளத்திலேயே உள்ள மளிகைப் பகுதியில் சர்க்கரை சேர்க்காத தயிர் கிடைக்கும், வெந்த சோறு தனியாக விற்பார்கள், ஊறுகாயை நீங்கள் எடுத்துப் போங்கள்.

கொம்பு என்னும் கடற்பாசியையும் பார்த்துவிட்டு வாருங்கள். வடக்கே ஹொக்கைடோவிலிருந்து கப்பல்களில் வந்த கொம்பு இறங்கி விலைபோன பெருஞ்சந்தை ஒசாக்கா. இந்த ஊர்ச் சமையலின் சுவைக்கே அதுதான் அடித்தளம். பேரங்காடிகளில் இதற்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. காய்ந்த கொம்பை நீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு முழுக்கச் சைவம். அவர்கள் விற்கும் உப்புக் கொம்பு சூடான சோற்றுக்கு நல்ல துணை. சோயா சாறு அல்லாத வேறு ஏதும் கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

மேல்தள உணவகங்கள் நிதானமானவை. வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வோர் உணவின் மாதிரியும் மெழுகு போன்ற பிளாஸ்டிக்கில் விலையோடு வைக்கப்பட்டிருக்கும். உள்ளே இடமில்லையென்றால் வெளியே ஒரு தாளில் பெயரையும் ஆள்களின் எண்ணிக்கையையும் எழுதிவிட்டு, வரிசையாகப் போட்டிருக்கும் நாற்காலிகளில் உட்கார வேண்டும். ஒருவர் உள்ளே போக, மற்றவர்கள் ஒரு நாற்காலி நகர்ந்து உட்காருவார்கள். சில இடங்களில் தாளுக்குப் பதிலாகச் சீட்டு தரும் இயந்திரம். உட்கார்ந்ததும் ஈரத் துண்டும் தண்ணீரோ தேநீரோ வரும், அதற்குக் காசு இல்லை. பில்லை எடுத்துக்கொண்டு வாசலில் உள்ள கல்லாவில் பணம் செலுத்த வேண்டும். டிப்ஸ் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் திருப்பித் தர ஓடி வருவார்கள். மதியம் 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் போகாதீர்கள். ஒன்றரைக்குப் பிறகு போனால் அதே மதியச் சாப்பாட்டுத் தொகுப்பு காத்திருப்பின்றிக் கிடைக்கும். இரவுச் சாப்பாட்டைவிட மதியத் தொகுப்பு மலிவு என்பதால், நல்ல உணவகத்தில் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் அதை மதியத்துக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், தேர்வு அதிகமாக வேண்டும் என்பவர்களுக்கு ஹாருகாஸின் 12 முதல் 14 வரையுள்ள தளங்களும், தகாஷிமாயாவின் 7 முதல் 9 வரையுள்ள தளங்களும் ஏற்றவை. பழமையை விரும்புகிறவர்கள் ஹான்க்யூவின் 13ஆம் தளத்துக்குப் போகலாம். 2012இல் திறந்த புதிய கட்டடத்துக்காகப் பழையதை இடித்தபோது, கட்டடக்கலைஞர் இத்தோ சூத்தா வடிவமைத்த பழைய முனையக் கூடத்தின் வளைந்த கூரையையும் மொசைக் ஓவியங்களையும் அங்குள்ள உணவகத்துக்குள் மீண்டும் பொருத்தினார்கள். ஒரு காலத்தில் ரயிலைப் பிடிக்க ஓடியவர்கள் நிமிர்ந்து பார்த்த டிராகன் ஓவியத்தின் கீழ் இன்று உட்கார்ந்து சாப்பிட முடிகிறது.

கட்டடத்துக்காகவே போக வேண்டிய இன்னொன்று ஷின்சாய்பாஷி தைமாரு. 1717இல் கியோட்டோவின் ஃபுஷிமியில் துணிக்கடையாகத் தொடங்கி 1726 முதல் ஷின்சாய்பாஷியில் இருக்கும் நிறுவனம் அது. அமெரிக்காவில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த வில்லியம் மெரல் வோரிஸ் வடிவமைத்து 1933இல் நிறைவடைந்த கட்டடத்தை, 2019இல் உட்புறம் முழுவதையும் புதிதாக எழுப்பியபோதும், மிதோசுஜி சாலையை நோக்கிய பழைய முகப்பைக் காப்பாற்றி, முதல் தளத்தின் கூரை அலங்காரங்களையும் மீட்டு வைத்தார்கள். வாசலுக்கு மேலுள்ள சுடுமண் மயிலை அண்ணாந்து பார்க்காமல் உள்ளே போகாதீர்கள்.

நடுத்தளங்களில் நின்று பார்க்கத் தகுந்தவை என்று நான் சொல்வது சமையல் கருவிகள், துண்டுகள், கைக்குட்டைகள், சிறப்பு விற்பனைக் கூடம் ஆகிய நான்கை மட்டுமே. ஒசாக்காவுக்குத் தெற்கே ஒட்டியுள்ள சாக்காய் நகரம் கத்திகளுக்குப் பெயர்போனது. அதற்கும் தெற்கே சென்ஷூ பகுதியில் நெய்யும் துண்டுகள் தண்ணீரை முதல் நாளே நன்றாக உறிஞ்சும். பெரிய வடிவமைப்பாளர் பெயர் பொறித்த கைக்குட்டைகள் அந்தப் பெயருக்குச் சற்றும் பொருந்தாத மலிவு விலையில் கிடைப்பது ஜப்பானியப் பேரங்காடிகளின் தனி வழக்கம். எடை இல்லாத பரிசுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. சிறப்பு விற்பனைக் கூடத்தில் ஹொக்கைடோ போன்ற ஒரு மாநிலத்தின் உணவு விழாவோ, ஹான்க்யூவில் இலையுதிர் காலத்தில் பிரிட்டன் விழாவோ, பிப்ரவரிக்கு முன்பு சாக்லேட் சந்தையோ நடக்கும். ஆடைகளின் அளவுகள் நம்மில் பலருக்குச் சிறியவை. அந்தத் தளங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

வரிவிலக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் சுற்றுலாப் பயணிகளுக்கு உண்டு. பாஸ்போர்ட்டின் நகல் செல்லாது, அசல்தான் வேண்டும். இதுவரை கடையிலேயே வரியைக் கழித்தார்கள் அல்லது திருப்பித் தந்தார்கள். 2026 நவம்பர் 1 முதல் வரியோடு முழு விலையைக் கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் உறுதிசெய்த பிறகே பணம் திரும்பக் கிடைக்கும். அதனால் விமான நிலையத்துக்குச் சற்று முன்னதாகப் போக வேண்டும். இதைத் தவிர, வெளிநாட்டவருக்கு 5 விழுக்காடு தள்ளுபடி அட்டை தரும் பேரங்காடிகளும் உள்ளன. தகவல் மேசையில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்கலாம், உணவுக்கு அது பொருந்தாது.

நேரம் ஒரு நாள்தான் என்றால் உமேதாவைத் தேர்ந்தெடுங்கள். காலை 10 மணிக்குச் சற்று முன்பே வாசலில் நின்றால், கதவு திறந்ததும் ஊழியர்கள் வரிசையாகத் தலைவணங்கி வரவேற்பதைக் காணலாம். ஹான்க்யூ அடித்தளம், பிறகு ஹான்ஷின், ஒன்றரை மணிக்குமேல் மேல்தளத்தில் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். ஜனவரி 1 அன்று பெரும்பாலும் எல்லாம் மூடியிருக்கும். ஊருக்குக் கொண்டுவர வேண்டிய உணவுப்பொருள்களைக் கடைசி நாளில் தகாஷிமாயாவில் வாங்குவது வசதி. கன்சாய் விமான நிலையத்துக்கு நான்காய் ரயில் அதே கட்டடத்திலிருந்து புறப்படுகிறது. மிசோ, ஊறுகாய், ஜெல்லி போன்றவற்றைப் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகவே கருதுவார்கள். அவற்றையும் சாக்காய் கத்தியையும் கைப்பையில் வைக்காமல், ரயிலில் ஏறுமுன் பெரிய பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.